மூன்றாவது பெஞ்சில் என் இடம்

கண்ணு,

இதை நம் வீட்டுப் பக்கம் போகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன், நீ கையில் எடுக்கும்போது நான் கம்பெனியில் இருப்பேன். நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் பாதியில் எனக்கு அழுகை வரும், உனக்கு உடனே போனை எடுத்துப் பார்க்கத் தோன்றும், அதோடு பேச்சு முடிந்துபோகும். அதனால் மூன்று நாளாக மதியச் சாப்பாட்டு நேரத்தில், செக்கிங் டேபிளில் உட்கார்ந்து, அச்சு பிசகி வீணாய்ப்போன பேக்கிங் லிஸ்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து டியூப்லைட் வெளிச்சத்தில் பனியனில் ஓட்டையும் கறையும் தேடிவிட்டு எழுத உட்கார்ந்தால் கண் நீர் கோர்த்துக்கொள்கிறது. காலும் வீங்கிக் கிடக்கிறது. வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள், விஷயம் கோணல் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் நீ எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்தாய். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாய் என்று கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தேன். அதற்குள் நீ போய்விட்டாய். மேனேஜர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க்கா, உங்க பையன் பேக்கிங் செக்சன்ல வேல கேக்கறானுங்க. திருச்சில காலேஜ் போறான்னு சொன்னீங்க?" "காய்ச்சல்ல கெடந்தவனுங்க, சும்மா கேட்டிருப்பானுங்க" என்று சொல்லிவிட்டு டேபிளுக்குத் திரும்பினேன். அன்றைக்கு நான் பார்த்து அனுப்பிய பீஸில் எத்தனை ஓட்டை தப்பிப்போனதோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் உன்னைக் கேட்டேன். நீ கோபப்படவில்லை, கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "போயி என்னம்மா பண்றது? லேப் டீம்ல என்ற எடத்துல வேற ஒருத்தனப் போட்டுட்டாங்க. குரூப்புல பாத்தேன். இனி நாம போயிக் கேட்டா நமக்குத்தான் அசிங்கம்."

தீபாவளிக்கு வந்த பிள்ளை நீ. டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய், அப்புறம் எழுந்து நடக்கவே பத்து நாள் ஆனது. உடம்பு தேறி இரண்டு வாரமாகியும் நீ பையை எடுக்கவில்லை. சோர்வு போகட்டும் என்று நானும் சும்மா இருந்தேன். சோர்வு இல்லை, இந்த ஒரு வார்த்தைதான் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "போயிக் கேட்டா நமக்குத்தான் அசிங்கம்." கண்ணு, அது உன் வார்த்தை இல்லை. என்னுடையது. உன் வயதில் அதை நான் நம்பினேன். அதனால் என்ன ஆனது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவிடம்கூட.

நம் வீட்டில் ஒரு கதை இருக்கிறது, உனக்கே தெரியும். உன் அப்புச்சிக்கு, என் அப்பாவுக்கு, மிஷினில் விரல் போனது, குடும்பத்தைக் காப்பாற்ற அம்மா படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள் என்று. எட்டாவது படிக்கும்போது நீ அதைக் கட்டுரையாக எழுதி ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கி வந்தாய். உன் அப்பா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். தினமும் அதில்தான் நான் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன். இதோ, இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைக் கழுவும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்யும். ஏனென்றால் அந்தக் கதை பொய்.

நான் பன்னிரண்டாவது முடித்து காலேஜ் சேர்ந்தபோது நெருப்பெரிச்சல் ஊரில் எங்கள் சந்தில் காலேஜ் போகிற முதல் பெண் நான்தான். என்னவெல்லாம் தயார் செய்தேன் தெரியுமா? இரண்டு சுடிதார் தைத்தேன், கம்பெனியில் வேலை செய்த அக்காக்களே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். பை, குடை, பிளாஸ்டிக் உறை போட்ட ஐந்து நோட்டு. ஒவ்வொரு நோட்டிலும் என் பெயரைக் கலர் பேனாவில் எழுதி, அடியில் பி.காம். முதலாம் ஆண்டு என்று எழுதிக் கோடு போட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தலைக்குள் மட்டும் கம்பெனி இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தெரிந்தவர்களும் யாரும் இல்லை.

பதிமூன்று வயதிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் நான் கைமடியாகப் போனவள். டைலருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி மடித்து அடுக்குகிற வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு, இப்போதும் இருக்கிறது. ஒரு டைலர் மூன்று நாள் வரவில்லையென்றால் காண்ட்ராக்டர் அந்த மிஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார். பழைய ஆள் நான்காம் நாள் வந்து வாசலில் நின்று பார்ப்பாள். தன் மிஷினில் இன்னொருத்தி. ஒரு வார்த்தை பேசமாட்டாள். கத்தரிக்கோலையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு, ஆட்கள் தேவை என்று போர்டு தொங்குகிற அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவாள். ஏன் என் இடத்தில் உட்கார்ந்தாய் என்று கேட்பவளை மானம் கெட்டவள் என்பார்கள். அதில் யாருக்கும் யார் மேலும் கோபம் கிடையாது. வேலை நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

காலேஜில் எனக்கு மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் இடம். முதல் வாரமே பயந்துவிட்டேன். பாடம் எல்லாம் இங்கிலீஷில். அக்கவுண்டன்சி மேடம் நல்லவர்தான், ஆனால் மழை கொட்டுவதுபோல் பேசுவார். கம்பெனியில் என்றால் தெரியாததைக் கேட்கமாட்டோம், பக்கத்து மிஷினைப் பார்த்துக் கற்றுக்கொள்வோம். சூப்பர்வைசரிடம் கேட்டால் "இது கூடத் தெரியாமயா வந்தே" என்பார். அதே புத்தியோடு நான் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினேன். அவளுக்கும் புரியவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் போய் வந்தேன். காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சொல்கிற "எஸ் மேடம்"தான் நான் அன்றைக்கு முழுக்கப் பேசிய பேச்சு.

மூன்றாவது மாதம், பழைய கம்பெனியின் காண்ட்ராக்டர் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஷிப்மெண்ட் மாட்டிக்கிச்சு அம்மிணி. நாலே நாளு வந்து குடு. உன்ற கை வேகம் யாருக்கு வருது?" நாலு நாள்தானே என்று போனேன். உண்மையைச் சொல்கிறேன், அவள் கெஞ்சியதற்காகப் போகவில்லை, ஆசையாகப் போனேன். அங்கே போனதும் நான்கு பக்கமிருந்தும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இங்கே வா, அதைக் கொடு, இதை மடி என்று. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நாலு நாள் பதினோரு நாள் ஆனது. லீவு லெட்டர் என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தோன்றவில்லை. கம்பெனிக்கு யாராவது லெட்டர் எழுதிவிட்டு நிற்பார்களா?

பன்னிரண்டாம் நாள் காலேஜ் போனேன். மழை நாள். குடையை மடக்கிக்கொண்டு வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில், சுவரோரம், என் இடத்தில், வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நோட்டைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான் கண்ணு. வேறு ஒன்றுமே நடக்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. நான் பார்த்தேன், என் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன், சத்தம் வராமல் திரும்பினேன். அதில் எனக்கு ஒரு கௌரவம் வேறு. கேட்டு நிற்காமல் வந்துவிட்டேன் பார் என்று. குடையை மறுபடி விரித்துப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்ததும், காலில் சேறு தெறித்ததும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீ சிரித்தாலும் சிரிப்பாய். சிரி. நானே எத்தனையோ தடவை தனியாக உட்கார்ந்து, அடி பைத்தியக்காரி என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் சொல்லவில்லை. காலேஜ் பையோடு கிளம்பிக் கம்பெனிக்குப் போனேன். இரண்டு வாரம் அப்படியே ஓடியது. பிறகுதான் அப்புச்சிக்கு அது நடந்தது. துணியை அழுத்தித் தேய்த்து விடுகிற காலண்டரிங் மிஷினில் வலது கை மாட்டி இரண்டு விரல் போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னேன், "நான் காலேஜ் போவலீங்கப்பா, வேலைக்குப் போறேன்" என்று. அப்பா கட்டுப்போட்ட கையைத் தூக்கி என்னைத் தடுத்தார். "வேண்டாம் அம்மிணி, நான் கஷ்டப்பட்டாவது உன்னையப் படிக்க வெக்கறேன்" என்று அழுதார். நான் அசையவில்லை. அசைந்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்குமே. சுற்றி இருந்தவர்களெல்லாம் இப்படி ஒரு பிள்ளையா என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் சேர்ந்து அழுதேன். எதற்காக அழுதேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கப்புறம் அந்தக் கதை தானாக வளர்ந்தது. நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, மறுத்தும் சொல்லவில்லை. தியாகம் செய்தவள் என்று பெயர் வாங்கிவிட்டால் அதை இறக்கி வைக்க மனசு வருமா? எனக்கு வரவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எனக்கு மூன்று நாள் ஆனது. நீ ஏழாவது படிக்கும்போது குன்னத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, ஐஸ்கிரீமுக்கு மூன்று தடவை வரிசையில் நின்றாயே, அந்தக் கல்யாணம். அங்கே ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்து, கிட்டே வந்து என் பெயரைச் சொல்லி, "பி.காம்ல நம்ம கிளாஸ்தானுங்க நீங்க?" என்று கேட்டார். ஸ்டெல்லா. என் இடத்தில் உட்கார்ந்திருந்த பெண். இப்போது டீச்சராக இருக்கிறாராம். பேச்சுவாக்கில் அன்றைய மழை நாளைச் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொல்வதுபோல.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அய்யோ, அதுங்களா? எனக்கு ஜன்னலோரம். சாரல் அடிச்சு நோட்டெல்லாம் நனஞ்சுபோச்சுங்க. நீங்க வரலையேன்னு ரெண்டு நாளு அங்க உக்காந்தேன். மழ விட்டதும் என்ற எடத்துக்குப் போயிட்டேன். உங்க எடம் அந்த வருசம் பூரா காலியாத்தான் கெடந்துச்சு" என்றார். அப்புறம் சொன்னார்: "மேடம் தெனமும் உங்க பேரக் கூப்புடுவாங்க. கூப்புட்டுட்டு ஒரு நிமிசம் தலயத் தூக்கிப் பாப்பாங்க. ரிஜிஸ்டர்ல இருந்து பேர எடுக்கவே இல்லீங்க. ஏனுங்க நின்னுட்டீங்க?"

அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பாவுக்குக் கையில அடிபட்டிருச்சுங்க" என்றேன்.

அப்பா இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று விரலால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று எப்போதும் கடைசிப் பந்தியில் உட்காருவாரே, அப்படி. கை கழுவிவிட்டு வந்து, "ஆரு அம்மிணி அது?" என்று கேட்டார். கூடப் படித்த பெண், டீச்சர் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "நீயும் இப்படி டீச்சராயிருப்பே. எல்லாம் என்ற கையாலதான் போச்சு" என்றார். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், நான் வாயைத் திறந்திருக்கலாம். இல்லீங்கப்பா, உங்க கைக்கு முன்னாடியே நானா விட்டுட்டு வந்தவள்தான் என்று ஒரு வார்த்தை. மண்டபத்தில் சத்தமாக இருக்கிறது, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வெற்றிலையை மடித்து அவர் கையில் கொடுத்தேன். அடுத்த வருடம் அவர் போய்விட்டார். தன் மகளின் படிப்பைத் தன் கைதான் அழித்தது என்று நம்பிக்கொண்டே போனார். ஓர் இடத்தை வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டதில் ஆரம்பித்தது, ஒரு மனிதரை வாழ்நாள் முழுக்கக் குற்றவாளியாக வைத்திருந்ததில் முடிந்தது. எனக்கு அலுத்துவிட்டது கண்ணு. இந்தப் பொய்யைத் தூக்கிச் சுமந்து சுமந்து அலுத்துவிட்டது.

அந்தப் பதினெட்டு வயதுக்காரி இப்போது என் முன்னால் வந்து நின்றால் என்ன சொல்வேன் என்று அடிக்கடி நினைப்பேன். உனக்கு அறிவுரை சொன்னால் உனக்குப் பிடிக்காது, அதனால் அவளுக்கே சொல்கிறேன், நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொள். அம்மிணி, சுடிதாரும் குடையும் கிடக்கட்டும். போன முதல் வாரத்திலேயே யாராவது ஒரு டீச்சரிடம் போய், எனக்கு இது புரியவில்லை என்று சொல்லிவிடு. இங்கிலீஷில் வராவிட்டால் தமிழில் சொல், தமிழும் வராவிட்டால் நோட்டைத் திறந்து காட்டு. காலேஜில் தெரியாதவர்களுக்குத்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள், தெரிந்தவர்களுக்கு அங்கே என்ன வேலை? பக்கத்தில் உட்காருகிறவளிடம் அவள் ஊர் எது, என்ன சாப்பிட்டாள் என்றாவது கேள். உன் பெயரைக் கூப்பிட அங்கே ஒரே ஒருத்தி இருந்தால் போதும், ஷிப்மெண்ட் என்று யார் வந்து கூப்பிட்டாலும் நீ போகமாட்டாய். போனாலும் சரி, திரும்பி வா. வராத நாளுக்கு ஒரு கால் தாளில் காரணம் எழுதிக் கொடு. காய்ச்சல் என்று எழுது, புத்தி கெட்டுப்போய்க் கம்பெனிக்குப் போனேன் என்றுகூட எழுது. என்ன, நாலு வார்த்தை திட்டுவார்கள். திட்டு என்பது உடம்பில் ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை. கேட்டு நிற்பது கம்பெனியில்தான் அசிங்கம், காலேஜில் அதுதான் உன் வேலையே. யாராவது உன் இடத்தில் உட்கார்ந்திருந்தால், "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று சொல். பெஞ்சில் இன்னும் ஒருத்திக்கு இடம் இருக்கும், அம்மிணி. உள்ளே போய்ப் பார்த்தால்தானே தெரியும்.

நீ பேக்கிங்கில் சேர்வதை நான் கேவலமாக நினைக்கவில்லை. இந்த வேலைதான் உன்னையும் என்னையும் சோறு போட்டு வளர்த்தது. படித்து முடித்துவிட்டு, நன்றாக யோசித்து, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று நீ வந்தால் நானே மேனேஜரிடம் கூட்டிப் போவேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவனாக மட்டும் வராதே. அப்படி வந்தவளின் கதை என்ன ஆனது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

உன் அப்பாவிடம் நான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். அந்த டிபன் பாக்ஸைப் பற்றி அவர் என்ன நினைத்துக்கொள்வாரோ, பார்க்கலாம். அப்புச்சியிடம் சொல்ல முடியாததை இனி யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. இருந்தாலும் சொல்வேன்.

ஒன்றை மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். உன் காலேஜிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு என் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். உன் பெயர், உன் நம்பர், இன்று வகுப்புக்கு வரவில்லை. இங்கிலீஷில் ஒரே வரி. காய்ச்சல் என்று முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், அப்படியும் விடாமல் வரும். பக்கத்து டேபிளில் இருக்கிற தூத்துக்குடிக்கார ரோஸி, "என்னக்கா, தெனமும் பத்து மணியானா கரெக்டா எவனோ ஒங்களுக்கு மெசேஜ் போடுதான், என்ன வெவரம்?" என்று கேலி செய்வாள். நானும் "சனியன், இவனுங்களுக்கு வேற வேலையில்லை" என்று சலித்துக்கொண்டு போனைக் கவிழ்த்து வைப்பேன். இத்தனை வாரமாக அப்படித்தான் செய்தேன். புதன்கிழமை நீ சொன்னதைக் கேட்டபிறகு, வியாழக்கிழமை பத்து மணிக்கு அது வந்தபோது கையிலிருந்த பனியனைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த மேடத்தின் குரல் கேட்டது. இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டவர்கள், வராதவனின் பெயரைத் தினமும் எதற்குக் கூப்பிடுகிறார்கள் சொல்?

உன் துணியெல்லாம் மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டு பக்கத்து ஜிப்பில் இருக்கிறது, லீவு லெட்டரோடு சேர்த்துக் கொடு. நாளை ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் பஸ் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் நான் டேபிளில் இருப்பேன். பத்து மணிக்குப் போனை எடுத்து மேலே பார்த்த மாதிரி வைத்துக்கொள்வேன். பத்தேகால் வரைக்கும் பார்ப்பேன். அது வராமல் இருக்கட்டும், சாமி.

அம்மா